டாஸ் கடைசிக் கோட்டுக்குப் போகவே மாட்டேங்குது: விரலா, மணிக்கட்டா, பேட்டா?

#1 குட்டை_டாஸ்

வணக்கம். வயது 36. கும்பகோணம் பக்கம் பள்ளியில் ஆறு வருடம் பூப்பந்து ஆடியவன். ஐவர் ஆட்டம், மஞ்சள் உல்லன் பந்து, செம்மண் தரை. இப்போது கோவையில் வேலை. ஒன்றரை வருடமாகக் காலை 6 மணிக்கு ஷட்டில் ஆடுகிறேன்.

பின்கோட்டிலிருந்து நான் டாஸ் (இறகுப்பந்தை உயரமாகத் தூக்கி எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு அனுப்பும் அடி) அடித்தால் காக், அதாவது அந்த இறகுப்பந்து, எதிர்ப்பக்கம் நெட்டிலிருந்து நாலு, நாலரை மீட்டரில் இறங்கிவிடுகிறது. கடைசிக் கோடு இருப்பது 6.70 மீட்டரில். எதிரே நிற்பவர் ஓரடிகூடப் பின்னால் போகாமல் ஸ்மாஷ் வைக்கிறார். தோளில் பலம் இல்லை என்று சொல்ல முடியாது, தண்ணீர் கேனை ஒற்றைக் கையால் மாடி ஏற்றுகிறவன் நான்.

எங்கள் கோர்ட்டுக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி என் எடையில் பாதிதான் இருப்பாள். நின்ற இடத்திலிருந்து கோடு வரை அனுப்புகிறாள். எப்படி என்று கேட்டால், "அடிக்கும்போது விரலை இறுக்குங்க அங்கிள்" என்கிறாள். நான்தான் ஆட்டம் முழுக்க இறுக்கியே பிடித்திருக்கிறேனே!

பேட் 4யூ (எடை வகை), கட், அதாவது பேட்டில் கட்டும் நரம்பு, பிஜி 65, அதன் டென்ஷன் (இழுவிசை) 26 பவுண்டு. பேட்டை மாற்றிவிடலாமா?

#2 நாலு_யூ

முதல்ல 26ஐ விடுங்க. அந்த டென்ஷன்ல பேட் கட்டோட நட்டநடுவுல பட்டாதான் காக் பறக்கும், கொஞ்சம் தள்ளிப் பட்டா செத்துப்போகும். 22 இல்லன்னா 23க்கு இறக்குங்க. ஷாஃப்ட் (பேட்டோட தண்டு) விறைப்பா இருந்தா அதுவும் ஒரு காரணம். வளையுற ஷாஃப்ட் உள்ள பேட் எடுத்தா உங்க ஸ்விங்குக்கு உதவும். பட்ஜெட் சொல்லுங்க, லிஸ்ட் தர்றேன்.

#3 சனிக்கிழமை_டபுள்ஸ்

"அங்கிள்"தான் பெரிய அடி போல. டாஸ் சும்மா சாக்கு.

#4 மேட்கோர்ட்_மாமா

தம்பி, பேட் வாங்கப் போகாதீர்கள். நாலு_யூ தம்பி டென்ஷன் பற்றிச் சொன்னது சரிதான், குறையுங்கள். ஆனால் உங்கள் கதை முதல் வரியிலேயே இருக்கிறது: பூப்பந்து.

நானும் இளவயதில் அதை ஆடியிருக்கிறேன். அந்த மட்டை இந்த பேட்டைப் போல ஏறக்குறைய இருமடங்கு எடை. பந்துக்கும் கனம் உண்டு. மட்டையை முஷ்டிக்குள் பிடித்து, மணிக்கட்டைப் பூட்டி, தோளோடு சேர்த்து வீசினால் அந்தக் கனமே பந்தைத் தள்ளிக்கொண்டு போகும். காக் அப்படி இல்லை. மொத்த எடையே 4.74இலிருந்து 5.50 கிராம்தான். தள்ளுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. பேட்டின் தலை எவ்வளவு வேகமாக வந்து மோதுகிறதோ அந்த வேகம்தான் அதற்குப் போகும். நீங்கள் ஷட்டில் பேட்டால் பூப்பந்து ஆடுகிறீர்கள்.

அந்தப் பெண் சொன்னதில் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. "இறுக்குங்க" என்றால் அதற்கு முன்னால் தளர்வாக இருக்க வேண்டும். மூடியிருக்கும் கையை இன்னொரு தரம் மூட முடியுமா?

#5 ஈப்போ_காற்று

மாமா, ஒரு நிமிஷம், குழம்பிட்டேன். பூப்பந்து ஆடுற மாதிரி ஆடாதீங்கன்னா வேற என்னதான் ஆடறது? இங்க மலேசியாவுல பூப்பந்துன்னாலே பேட்மிண்டன்தான். பேப்பர்ல, டிவி செய்தியில எல்லாம் அப்படித்தான் வரும்.

#6 குட்டை_டாஸ்

ஈப்போ, எங்கள் ஊரில் பூப்பந்து என்றால் பால் பேட்மிண்டன். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் என்பார்கள். காக் கிடையாது, கம்பளி நூல் பந்து. நீங்கள் சொல்வதை இங்கே இறகுப்பந்து என்று எழுதுவோம், வாயால் ஷட்டில் என்போம்.

மாமா, "தளர்வாக" என்றால் எவ்வளவு? தளர்த்தினால் பேட் கையில் சுற்றிக்கொள்கிறது.

#7 கோச்_பையன்

சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உதவியாளராக இருக்கிறேன். முதல் வாரம் நாங்கள் செய்யவைப்பதை நீங்களும் செய்து பாருங்கள் அண்ணா. காக் வேண்டாம், மேஜை போதும்.

முன்கையை மேஜைமேல் வையுங்கள். கட்டைவிரல் பக்கம் மேலே. கைகுலுக்குவது போல பேட்டைப் பிடியுங்கள். பேட்டின் கட் முகம் பக்கவாட்டில் பார்க்கணும், தரையைப் பார்க்கக் கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் 'வி' மாதிரி ஒரு பள்ளம் வரும். ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் மேலே தள்ளி வையுங்கள், நடுவிரலோடு ஒட்ட வேண்டாம். இனி கடைசி மூன்று விரல்களையும் மெதுவாகத் திறங்கள். கைப்பிடியின் அடிக்கட்டை உள்ளங்கையை விட்டு விலகும். வலக்கைக்காரராக இருந்தால் பேட் தலை வலப்பக்கம் சாயும். இப்போது அந்த மூன்றையும் சட்டென்று மூடுங்கள். தலை இடப்பக்கம் பாயும். மணிக்கட்டு மேஜையை விட்டு எழும்பவே இல்லை, கவனித்தீர்களா?

அவ்வளவுதான் விரல் பலம் என்பது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கதவுக் கீல் மாதிரி. சுண்டுவிரல் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே வந்தால் தலைப்பக்கம் அரைச் சாணுக்கு மேல் முன்னே போகும்.

எவ்வளவு தளர்வு என்று கேட்டீர்கள். பின்னால் ஒருவரை நிற்கவைத்து, அடிக்கப்போகிற நிலையில் பேட்டை உருவச் சொல்லுங்கள். லேசாக இழுத்தாலே வந்துவிட வேண்டும். எங்கள் பையன்களிடம் "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி" என்போம். அதில் ஒருவன் கோழிக்குஞ்சே பார்த்ததில்லை என்றான், அவனுக்கு முட்டை என்று மாற்றினோம்.

#8 ரிஸ்ட்_கட்சி

விரல் விரல்னு எல்லாரும் யூடியூப் பார்த்துட்டுப் பேசுறாங்க. இருபது வருஷமா ஆடுறேன். பவர் எல்லாமே ரிஸ்ட்தான். நம்ம டபுள்ஸ் ஆட்டக்காரர் சாத்விக் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சாரே, சுண்டுவிரலை மடக்கியா அடிச்சார்?

#9 ஈப்போ_காற்று

அந்த 565, 2023 ஏப்ரல் 14ல ஜப்பான்ல யோனெக்ஸ் ஃபாக்டரி ஜிம்ல எடுத்த கின்னஸ் ரெக்கார்டு. அதுக்கு முன்னாடி எங்க டான் பூன் ஹியோங் 2013ல அடிச்ச 493 இருந்துச்சு. பத்து வருஷம் எங்க கையில இருந்த ரெக்கார்டு போச்சேன்னு அன்னிக்கு இங்க பலருக்கும் வருத்தம். ஆனா அதே நாள் அதே இடத்துல பெண்கள் ரெக்கார்டு எங்க பேர்லி டான் 438ல வச்சாங்க, அதை யாரும் பேசறதில்ல.

#10 மேட்கோர்ட்_மாமா

ஈப்போ தம்பிக்கு நன்றி. அந்த எண்களை வைத்து நம் ஆட்டத்தை அளக்க வேண்டாம் என்பது என் எண்ணம். காக் பேட்டை விட்டுக் கிளம்பும் கணத்தில் எடுத்த வேகம் அது. இறகுப் பாவாடை காற்றைப் பிடித்து அடுத்த சில மீட்டரிலேயே வேகத்தைத் தின்றுவிடும்.

ரிஸ்ட்_கட்சி தம்பி, நாம் "ரிஸ்ட்" என்று சொல்லிப் பழகிய வேலையில் பெரும்பங்கை மணிக்கட்டு செய்வதில்லை. பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். எது திரும்புகிறது? முழங்கைக்குக் கீழே உள்ள முன்கை முழுசும். ஸ்மாஷில் நடப்பதும் அதுதான். மேல்கை தோளிலிருந்து உள்பக்கம் சுழலும், முன்கை உள்பக்கம் புரளும், கடைசியாக விரல்கள் மூடும். மணிக்கட்டை விசிறி மாதிரி முன்னும் பின்னும் ஆட்டி அடிப்பவர்கள் சீக்கிரமே கையில் பட்டை கட்டிக்கொண்டு வருவார்கள்.

விரல் கட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாத்விக்கின் ஸ்மாஷ் விரலிலிருந்து வருவதில்லை. அவர் உயரம், குதிப்பு, இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து வருவது. முழு ஸ்விங்கில் விரல் கடைசிப் பொறி மட்டும். ஆனால் அந்தப் பொறிக்கு முன்னாலேயே கை இறுகியிருந்தால் முன்கை புரளாது, கீழிருந்து வந்த வேகமெல்லாம் முழங்கையில் நின்றுவிடும். குட்டை_டாஸ் தம்பிக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். வேண்டுமானால் இப்போதே முஷ்டியை முழுப் பலத்தோடு மடக்கி, சாவி திருப்புவது போல வேகமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு கையைத் தளர்த்தித் திருப்பிப் பாருங்கள்.

விரலின் ராஜ்ஜியம் ஸ்விங்குக்கு இடமே இல்லாத இடங்களில். நெட் அருகே தட்டிக் கொல்வது, நெட்டை ஒட்டித் தட்டையாக அடிக்கும் டிரைவ், உடம்புக்கு நேராக வரும் ஸ்மாஷைத் திருப்புவது, கீழிருந்து எடுக்கும் லிஃப்ட். இந்தோனேசியாவின் கெவின் சஞ்சயாவைப் பழைய ஆட்டங்களில் முன்பக்கத்தில் பாருங்கள். பெரிய உருவம் இல்லை. ஜோடி மார்கஸ் கிடியோனோடு சேர்ந்து 2017, 2018 இரண்டு வருடமும் ஆல் இங்கிலாந்து போட்டியில் டபுள்ஸ் பட்டம் எடுத்தார். முன்பக்கத்தில் அவர் பேட் ஒரு முழம்கூடப் பின்னால் போகாது. காக் மட்டும் எதிராளி நெஞ்சுக்கு வந்துவிடும்.

#11 ரிஸ்ட்_கட்சி

சாவி திருப்பிப் பார்த்தேன். சரி, முன்கைன்னே வச்சுக்குவோம். பேர் மாத்த மாட்டேன்.

#12 பேக்ஹேண்ட்_பயம்

மாமா, கோச் தம்பி, இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு டாஸ் பரவாயில்லை, பேக்ஹேண்ட்தான் நெட்டையே தாண்டாது. கட்டைவிரலைப் பின்னால் பட்டையாக வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். முன்பக்கம் நன்றாக வருகிறது. பின்கோட்டு மூலையில் அப்படியே வைத்தால் காக் செத்து விழுகிறது. கூடவே கட்டைவிரல் மூட்டில் வலி.

#13 கோச்_பையன்

அக்கா, கைப்பிடிக்கு எட்டு முகம் இருக்கு. நாலு அகலம், நாலு ஒடுக்கம். கட்டைவிரலை அகல முகத்தில் தட்டையாக வைப்பது காக் உங்களுக்கு முன்னால் இருக்கும்போது மட்டும். சர்வீஸ், டிரைவ், நெட்டில் தள்ளுவது, இவைக்கெல்லாம் அது சரி. கட்டைவிரல் தள்ளும், சுண்டுவிரல் பக்கம் உள்ளே இழுக்கும், தலை முன்னே தெறிக்கும்.

மூலையில் காக் உங்களைத் தாண்டிப் போயிருக்கும், முதுகைக் காட்டி நிற்பீர்கள். அங்கே தட்டைக் கட்டைவிரல் முன்கையைப் புரளவிடாமல் பூட்டிவிடும். பக்கத்து ஒடுக்க முகத்துக்கு, அந்த விளிம்பின்மேல், கட்டைவிரலை நகர்த்துங்கள். இந்தத் தடவை முன்கை வெளிப்பக்கம் புரளும். உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற சந்து இருக்கட்டும். பட்ட கணத்தில் அந்தச் சந்து மூடணும். மூடியதும் நிறுத்திவிடுங்கள், பேட்டைத் தொடர்ந்து வீச வேண்டாம். துணியை உதறும்போது கடைசியில் ஒரு 'பட்' சத்தம் வருமே, அதுபோல.

மூட்டு வலி இருக்கும் வரை பேக்ஹேண்ட் பழகாதீர்கள்.

#14 மேட்கோர்ட்_மாமா

பேக்ஹேண்டுக்கு இந்தோனேசியாவின் தவ்ஃபிக் ஹிதாயத்தின் பழைய ஆட்டங்களைப் பாருங்கள் அம்மா. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம், மறுவருடம் உலக சாம்பியன். முதுகு நெட்டைப் பார்த்திருக்க, பேக்ஹேண்டில் ஸ்மாஷே அடிப்பார். வீடியோவை மெதுவாக ஓட்டி, பேட்டைப் பார்க்காமல், படுவதற்கு முன்னால் அவர் விரல்கள் எவ்வளவு சோம்பலாக இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

#15 முழங்கை_போச்சு

இந்த விரல் சமாச்சாரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆறு மாதம் ஆடாமல் உட்கார்ந்தவன் எழுதுகிறேன். "விரல் பலம் வேண்டும்" என்று யாரோ சொல்ல, கைப்பிடிப்பு ஸ்பிரிங் வாங்கி ஆபீஸில் நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருந்தேன். கோர்ட்டிலும் இறுக்கிப் பிடித்தேன். முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் குத்த ஆரம்பித்தது. கடைசியில் டம்ளரில் காபி தூக்க முடியவில்லை. டென்னிஸ் எல்போ என்றார்கள். கையை எப்போதும் இறுக்கியே வைத்தால் முன்கையின் மேல்பக்கத் தசைநார் முழங்கையில் ஒட்டும் இடம் ஓய்வே இல்லாமல் இழுபடுகிறது என்று பிசியோ விளக்கினார்.

பலம் அல்ல சார் தேவை, நேரம். எப்போது மூடுவது என்பது. வலித்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் பிசியோவைப் பாருங்கள்.

#16 குட்டை_டாஸ்

நேற்று இரவு மேஜைச் சோதனை செய்தேன். விரலைத் திறக்க முடிகிறது. மூடினால் தலை அசையவே மாட்டேன் என்கிறது. அப்புறம் உற்றுப் பார்த்தேன். மூடுவதற்கு அங்கே இடமே இல்லை. கைப்பிடி அவ்வளவு தடிமன், விரல் நுனி உள்ளங்கைச் சதையைத் தொடவே இல்லை.

மேல்நுனியில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் கிளப்பி உரித்தேன். முதலில் பச்சை ஓவர்கிரிப் (கைப்பிடிமேல் சுற்றும் மெல்லிய நாடா), போன மாதம் கட் போட்டபோது கடைக்காரர் சுற்றிக்கொடுத்தது. அடியில் ஒரு மஞ்சள், நான் சுற்றியது, வியர்வையில் சாம்பல் நிறமாகி ஒரு ஓரம் மட்டும் மஞ்சளாக இருந்தது. அதற்கும் அடியில் கம்பெனி கிரிப், தடியான ஸ்பாஞ்சு. எல்லாம் கழன்றதும் மரம் தெரிந்தது. கோச் தம்பி சொன்ன எட்டு முகமும் அப்போதுதான் கண்ணில் பட்டன. ஒன்றரை வருடமாகச் சப்பாத்திக் கட்டையைப் பிடித்து ஆடியிருக்கிறேன்.

நாற்றம் பற்றிக் கேட்காதீர்கள். மனைவி பால்கனிக்கு அனுப்பிவிட்டாள்.

இனி என்ன சுற்றுவது?

#17 நாலு_யூ

இதுக்குத்தான் காத்திருந்தேன்! கம்பெனி கிரிப்பைத் திரும்பச் சுத்தாதீங்க. மரத்து மேல மெல்லிசா ஒரு குஷன் ராப், அதுக்கு மேல ஒரே ஒரு ஓவர்கிரிப். வெறும் மரத்து மேல நேரா ஓவர்கிரிப் சுத்துறவங்களும் இருக்காங்க, ஆனா வியர்வை மரத்துல இறங்கும். அடியிலருந்து ஆரம்பிச்சு, ஒரு சுத்து மேல அடுத்த சுத்து கொஞ்சமா மட்டும் ஏறணும். ரொம்ப ஏத்துனா மறுபடி கட்டைதான்.

அடுத்து பேட் வாங்கும்போது (வாங்குவீங்க, எனக்குத் தெரியும்) யோனெக்ஸ்னா ஜி5 பாருங்க. அவங்ககிட்ட எண் கூடினா கைப்பிடி சிறுசு. எல்லா கம்பெனிக்கும் அப்படி இல்ல, கையில பிடிச்சுப் பார்த்து வாங்குங்க.

#18 சனிக்கிழமை_டபுள்ஸ்

தளர்வாப் பிடின்னு எல்லாரும் சொல்றீங்களே, சென்னையில ஆடிப் பார்த்திருக்கீங்களா? மே மாசம், மூடுன கோர்ட், மின்விசிறி போட்டா காக் ஆடும்னு அதையும் நிறுத்திடுவாங்க. இந்த இழையைப் படிச்சுட்டு நேத்து கோழிக்குஞ்சு மாதிரிப் பிடிச்சேன். ஸ்மாஷ்ல குஞ்சு பறந்துபோய் நெட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. காக் என் பக்கமே இருந்துச்சு. பார்ட்னர் இன்னும் பேசல.

#19 மேட்கோர்ட்_மாமா

யாருக்கும் அடிபடாமல் போனதே. தம்பி, தளர்வு என்றால் விட்டுவிடுவது இல்லை. காத்திருக்கும்போது தளர்வு, படும்போது இறுக்கம். உங்கள் பேட் பறந்தது இரண்டாவது பாதி நடக்காததால். மூடும் விரலில் சுண்டுவிரல்தான் காவல்காரன். அது அடிக்கட்டையின் தடித்த விளிம்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், வெளியே தொங்கக் கூடாது.

கடலோர ஊரில் வியர்வைக்கு டவல் கிரிப்பும் அதற்கான பவுடரும் நல்ல துணை. அதுவும் தடிமன்தான், ஆகவே அடியில் வேறெதுவும் வேண்டாம். சட்டைப்பையில் ஒரு சின்ன துண்டு. பாயிண்டுக்குப் பாயிண்ட் துடைப்பது ஆட்டத்தைத் தாமதப்படுத்தும் என்று சிலர் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

#20 குட்டை_டாஸ்

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன்.

குஷன் ராப், ஒரு ஓவர்கிரிப், டென்ஷன் 23. முதல் மூன்று நாள் முன்னைவிடக் கேவலம். தளர்த்தினால் மூட மறந்துவிடுகிறேன், மூட நினைத்தால் சீக்கிரமே மூடிவிடுகிறேன். பூப்பந்துக் கை அவ்வளவு எளிதில் போகாது. நாலாம் நாள் அந்தப் பெண் (இனி அவள்தான் என் கோச்) ஒரு வேலை சொன்னாள்: பேட் மேலே வரும் வரை சுண்டுவிரலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், படும்போது இறக்குங்கள், மற்றதை மறந்துவிடுங்கள் என்று. பார்க்க டீ குடிக்கிற துரை மாதிரி இருந்திருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறை அந்தச் சத்தம் வந்தது. இதுவரை என் டாஸில் 'தொப்'. இது 'டக்'. பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கடைசிக் கோட்டுக்கும் டபுள்ஸ் சர்வீஸ் கோட்டுக்கும் நடுவே உள்ள 76 சென்டிமீட்டர் பட்டையில் துண்டு விரித்து, இருபது டாஸ் அடித்து எண்ணினேன். கிரிப் உரித்த மறுநாள் 2 அந்தப் பட்டையில் விழுந்தது. இன்று காலை 11. விழாத ஒன்பதில் பெரும்பாலும் காக் தலைக்குப் பின்னால் போனபிறகு அடித்தவை. அதற்கு விரல் ஒன்றும் செய்ய முடியாது, கால்தான் ஓட வேண்டும்.

ஸ்மாஷ் இன்னும் அதே லட்சணம். அதற்குத் தனி இழை திறக்கிறேன்.

உள்ளங்கையின் நடுச் சதையில் இருந்த காய்ப்பு உரிந்துகொண்டிருக்கிறது. புதிதாக ஒன்று ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வருகிறது. இது நல்லதா, கெட்டதா?

#21 கோச்_பையன்

நல்லது அண்ணா. கீல் அங்கேதான் இருக்கு.

#22 பேக்ஹேண்ட்_பயம்

கட்டைவிரலை விளிம்புக்கு மாற்றியபின் மூட்டு வலி நின்றது. பின்கோட்டிலிருந்து நெட்டைத் தாண்டுகிறது, பாதி கோர்ட் வரைதான். பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பெயரை வைத்துக்கொள்கிறேன்.

#23 குட்டை_டாஸ்

சனிக்கிழமை_டபுள்ஸ், பேட் பறந்ததற்கு வியர்வையை மட்டும் குறை சொல்லாதே தம்பி. உன்னுடையதையும் உரித்துப் பார். நாலு சுற்று இருக்கும் என்று பந்தயம்.

#24 சனிக்கிழமை_டபுள்ஸ்

ஐந்து. கடைசி சுற்றுக்கு அடியில் போன வருஷ கோர்ட் ரசீது ஒண்ணும் இருந்துச்சு.